நள்ளிரவில் ஊரில் யார் இருக்கிறார்? தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் ஆணைய உறுப்பினர்களுக்கும் பணிவான வணக்கம்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், நிபோங் திபால் வட்டாரத்தில் வாழும் ஒரு தமிழ் வானொலி நேயர் நான். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒலிபரப்புத் துறையில் எனக்குப் பங்கும் இல்லை, பதவியும் இல்லை. ஒலிபரப்பு உரிமங்கள் புதுப்பிக்கப்படும்போதும் கைமாறும்போதும் ஆணையம் கேட்கும் கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று வேண்டவே இம்மடலை எழுதுகிறேன். இந்த அலைவரிசை சென்றுசேரும் ஊரில், நள்ளிரவில் ஓர் ஆபத்து நேர்ந்தால், ஒலிவாங்கியின் முன் வந்து உட்கார யார் இருக்கிறார் என்பதே அந்தக் கேள்வி.

அமெரிக்காவில் நடந்த ஒரு விற்பனையைப் பற்றிப் படித்தபோதுதான் இக்கேள்வி என் மனத்தில் எழுந்தது. 2006-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், அந்நாட்டின் மிகப் பெரிய வானொலி நிறுவனமாக இருந்த கிளியர் சேனல், தன்னிடமிருந்த ஏறத்தாழ 1,150 நிலையங்களில் 448-ஐ விற்கப்போவதாக அறிவித்தது. அவை அனைத்தும் நாட்டின் முதல் 100 வானொலிச் சந்தைகளுக்கு வெளியே, சிறு நகரங்களில் இயங்கிய நிலையங்கள். அதே நாளில்தான் பெய்ன் கேபிடல், தாமஸ் எச். லீ பார்ட்னர்ஸ் என்னும் இரு முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சேனலையே, அதன் பழைய கடன்களையும் சேர்த்து ஏறத்தாழ 26.7 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்குவதற்கான உடன்பாடும் அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டு அறிவிப்புகளையும் சேர்த்தே படிக்கவேண்டும். இத்தகைய கொள்முதலில் பணத்தின் பெரும்பகுதி கடனாகத் திரட்டப்படுகிறது. அந்தக் கடனின் சுமை வாங்கப்படும் நிறுவனத்தின் தலையிலேயே ஏற்றப்படுகிறது. வட்டி கட்டுவதற்கு ரொக்கம் வேண்டும். தேசிய அளவில் விளம்பரம் செய்வோர் பெருநகரங்களுக்கே பணத்தை ஒதுக்குவதால், சிறுநகர நிலையம் முதலில் விலைச்சீட்டு ஒட்டப்படும் பொருளாகிவிடுகிறது. அந்நிலையம் நட்டத்தில் ஓடியிருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பெருநகர நிலையம் ஈட்டும் அளவுக்கு ஈட்டவில்லை என்பதே போதுமான காரணமாகிறது.

ஒரே நிறுவனத்திடம் இத்தனை நிலையங்கள் சேர்ந்த கதையும் இங்கே பொருந்தும். 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு முன்பு, ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்தச் சட்டம் தேசிய வரம்பை அடியோடு நீக்கியது. சில ஆண்டுகளிலேயே கிளியர் சேனலின் கையில் 1,000-க்கும் மேற்பட்ட நிலையங்கள் வந்து சேர்ந்தன. ஊர்க்காரர்கள் நடத்திய நிலையங்களை வாங்கி, பல நிலையங்களை ஒரே கட்டடத்துக்குள் அடக்கி, தொலைதூர நகரத்தில் முன்கூட்டியே பதிவு செய்த அறிவிப்பாளரின் குரலைப் பல ஊர்களுக்கு அனுப்பும் முறை பரவியது. கேட்பவருக்கு அந்த அறிவிப்பாளர் தம் ஊரில் உட்கார்ந்து பேசுவதுபோலவே தோன்றும். உண்மையில் கலையகத்தில் விளக்கு எரியும், ஆள் இருக்கமாட்டார்.

அதன் விளைவு என்னவாகும் என்பதை 2002-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் வடக்கு டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகரம் கண்டது. அதிகாலை ஒன்றரை மணியைச் சற்றே கடந்த வேளையில், ஊருக்கு அருகே சரக்கு ரயில் ஒன்றின் 31 பெட்டிகள் தடம்புரண்டன. ஐந்து கொள்கலன்கள் உடைந்து, 5 இலட்சம் லிட்டருக்கும் அதிகமான நீரற்ற அம்மோனியா வெளியேறியது. ஏறத்தாழ 11,600 பேர் வசித்த பகுதியின்மீது அந்த நச்சுப்புகை படர்ந்தது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீடுகளில் உறைபனிக் குளிரில் விழித்தெழுந்த மக்களுக்கு வெளியே ஓடுவதா, கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பதா என்று தெரியவில்லை. அந்த ஊரின் வணிக வானொலி நிலையங்கள் ஆறும் அன்று கிளியர் சேனலுக்கே சொந்தமாக இருந்தன. அவசர அறிவிப்புக்கென்று குறிக்கப்பட்டிருந்த நிலையத்தைக் காவல்துறையினர் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தும் பதில் கிடைக்கவில்லை என்று பின்னர் பெரும் சர்ச்சை எழுந்தது. நிலையத்தில் ஆள் இருந்தார் என்றும், பொதுமக்களின் அழைப்புகள் குவிந்ததால் தொலைபேசி இணைப்பு அடைபட்டது என்றும், அவசர எச்சரிக்கைக் கருவியை இயக்கவேண்டிய அதிகாரிகளே அதை முறையாக இயக்கவில்லை என்றும் நிறுவனம் விளக்கமளித்தது. இரு தரப்பு வாதத்தையும் ஆணையம் எடைபோட்டுப் பார்க்கவேண்டும். ஒரு தரப்பையே முழுமையாக நம்பும்படி நான் கேட்கவில்லை. ஆயினும், கருவி இயங்காமல் போன வேளையில் ஓடிவந்து பேசும் நிலையில் ஊரறிந்த அறிவிப்பாளர்கள் நான்கைந்து பேர் இருந்திருந்தால், அந்த இரவு வேறு விதமாகக் கழிந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

விற்பனை அறிவிக்கப்பட்ட 2006-க்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஒரு சிறுநகர நிலையம் விற்பனைப் பட்டியலில் ஏறும் நாளுக்கு முன்பே அந்த ஊர் தன் வானொலியை இழந்துவிடுகிறது. அறிவிப்பாளர் போய்விடுகிறார், செய்தியாளர் போய்விடுகிறார், உள்ளூர்க் கடைக்காரரிடம் சென்று விளம்பரம் பெற்றுவந்தவரும் போய்விடுகிறார். விற்கப்படும் நாளில் எஞ்சியிருப்பவை ஓர் உரிமம், ஒரு கோபுரம், ஓர் அலைவரிசை எண். விற்பனை வேளையில் மட்டும் ஆணையம் விழித்தெழுவது போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

விற்பனையே கூடாது என்றும் நான் வாதிடவில்லை. அந்த 448 நிலையங்களில் பலவற்றைச் சிறிய ஒலிபரப்பாளர்கள் வாங்கினர். ஊருக்கு அருகிலேயே வாழும் உரிமையாளரிடம் ஒரு நிலையம் திரும்பிச் சேருமானால் அது நன்மையே. ஆனால் அந்த விற்பனை அவ்வளவு சீராக நடந்தேறவில்லை. பெரிய கட்டாக விற்கப் பேசியிருந்த ஓர் ஒப்பந்தம் இடையிலேயே குலைந்தது; வாங்க ஆளின்றிப் பல நிலையங்கள் பழைய உரிமையாளரிடமே தங்கின. அதற்குள் 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியும் வந்து சேர்ந்தது. ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம், 20 பில்லியன் டாலர் அளவிலான கடனுடன் 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. வாங்கியவர், விற்றவர், கடன் கொடுத்தவர் ஆகிய மூவருக்கும் அந்தப் பேரத்தில் சொல்ல ஒரு கணக்கு இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஊர்களுக்கு அந்த மேசையில் இடமே இருக்கவில்லை.

கனடாவில் அண்மையில் நடந்ததும் எண்ணிப்பார்க்கத் தக்கது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெல் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனம் 4,800 பணியிடங்களைக் குறைப்பதாகவும், தன் 103 வானொலி நிலையங்களில் 45-ஐ ஏழு வாங்குநர்களுக்கு விற்பதாகவும் அறிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை சிறு நகரங்களில் இயங்கியவை. ஆனால் அங்கே உரிமம் கைமாற ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். வானொலி நிலையத்தை வாங்குபவர் பொதுவாக விலையில் குறைந்தது 6 விழுக்காட்டை உள்நாட்டு நிகழ்ச்சிகளின் வளர்ச்சிக்குத் தரவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. உள்ளூர் விளம்பரம் பெற விரும்பும் பண்பலை நிலையம், தன் வாராந்திர ஒலிபரப்பில் மூன்றில் ஒரு பங்கை உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கவேண்டும் என்பதும் அங்கே நெடுங்காலக் கொள்கை. அமெரிக்காவிலோ, நிலையம் தான் ஒலிபரப்பும் ஊரில் அல்லது அதன் அருகில் கலையகம் வைத்திருக்கவேண்டும் என்று ஏறத்தாழ 80 ஆண்டுகள் நிலைத்திருந்த விதியை 2017-இல் நீக்கிவிட்டார்கள். இவ்விரு வழிகளில் எதன் பக்கம் நாம் செல்லப்போகிறோம் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

இது அயல்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று எவரேனும் கேட்கலாம். பினாங்குக்காரனாகிய எனக்கு இது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. பினாங்கு வயர்லஸ் சங்கம் 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பைத் தொடங்கியது. ரேடியோ மலாயா 1946-இல் உருவாவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய அரசு ஒலிபரப்புத் தலைமையகமான அங்காசாபுரியின் பெயரே பிறக்காத காலத்தில், பினாங்குத் தீவிலிருந்து தமிழ்க்குரல் காற்றில் எழுந்தது. 1941 டிசம்பரில் பிரிட்டிஷார் பினாங்கைக் கைவிட்டுச் சென்றபோது ஒலிபரப்பு நிலையத்தை அழிக்காமல் விட்டுச் சென்றார்கள். ஜப்பானியர் அதே நிலையத்திலிருந்து சிங்கப்பூரை நோக்கித் தங்கள் பிரச்சாரத்தை ஒலிபரப்பினார்கள். கோபுரம் யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை எங்கள் முன்னோர் அப்போதே அறிந்துகொண்டனர்.

இன்று நம் நாட்டில் தமிழ் ஒலிபரப்பு பெரும்பாலும் தலைநகரை நடுவாகக் கொண்டே இயங்குகிறது. அதில் உழைக்கும் அறிவிப்பாளர்கள்மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. மொழியைக் காத்து வருபவர்களில் அவர்களும் அடங்குவர். இருப்பினும் சந்தை என்ற சொல்லை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். நாட்டு மக்களில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். ஆகவே விளம்பரக் கணக்கில் நாங்கள் மொழியாலும் சிறுசந்தை, ஊராலும் சிறுசந்தை. சுங்கை பாக்காப்பில், பத்து காவானில், சிம்பாங் அம்பாட்டில் வாழும் தமிழ் நேயர், இரண்டு முறை சுருக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் இருக்கிறார். பெரிய நிறுவனம் ஒன்று செலவைக் குறைக்க அமரும் நாளில் அந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட நேயராகத்தான் இருப்பார்.

எங்கள் தோட்டத்து லயத்தில் வானொலிப் பெட்டி இருந்த வீடு ஒன்றுதான். வாழ்த்து நிகழ்ச்சியில் எங்கள் தோட்டத்தின் பெயர் ஒலித்த அன்று, பால்மரத்துக்குப் போய்த் திரும்பிய என் தாயார் வாளியை இறக்கி வைக்கவும் மறந்து வாசலில் நின்று கேட்டார். வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத ஓர் ஊரின் பெயரை நாடே கேட்டது என்ற எண்ணம் அவருக்கு எவ்வளவு பெருமிதத்தைத் தந்தது என்பதை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன்.

பெருமிதத்தைவிட உயிர் பெரிது என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை 9 மணிக்குச் சற்று முன்பு சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நிலம் நடுங்கியது. பினாங்கின் அடுக்குமாடிகளில் இருந்தோர் அந்த அதிர்வை உணர்ந்தார்கள். பிற்பகல் 1 மணியளவில் பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், பாலிக் புலாவ் கரைகளை ஆழிப்பேரலை அடித்தது. நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தனர். அந்த நான்கு மணி நேர இடைவெளியில் சொல்வதற்கு எவரிடமும் செய்தி இருக்கவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே அப்போது இல்லை. அந்தக் குறை இன்று நீங்கிவிட்டது. நிலநடுக்கச் செய்தி சில நிமிடங்களில் வானிலைத் துறைக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து கடற்கரையில் வலை உலர்த்துபவர் வரை, கோயில் மடப்பள்ளியில் இருப்பவர் வரை, அவரவர் மொழியில் அதைக் கொண்டுசேர்ப்பது இன்னும் மனிதக் குரலின் வேலையாகவே இருக்கிறது.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் இரவு தொடங்கிய பெருமழையையும் பினாங்கில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஏழு பேர் உயிரிழந்தனர். எங்கள் தாமான் குடியிருப்பில் மின்சாரம் நின்றுவிட்டது. கைபேசியில் மின்னூட்டம் தீரும்வரை உறவினர்களிடமிருந்து செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றுள் எது உண்மை, எது வதந்தி என்று பிரித்தறிய எங்களால் முடியவில்லை. அணை உடைந்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். உடையவில்லை என்று இன்னொருவர் எழுதினார். மூன்றாவது வீட்டுப் பாட்டியை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். எந்த நிலையத்தையும் குறைகூற இதை நான் எழுதவில்லை. எந்தச் சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்தப் பள்ளியில் துயர்துடைப்பு மையம் திறந்திருக்கிறது என்பதை, அந்தச் சாலையில் நடந்து பழகிய ஒருவர் தமிழிலும் மலாயிலும் சொல்லக் கேட்கவேண்டும் என்ற தவிப்பு அந்த இரவில் எனக்கு இருந்தது. மின்கலத்தில் ஓடும் ஒரு சிறு வானொலிப் பெட்டிக்கு இணையமும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம்.

1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் பத்து தேசியக் கொள்கை நோக்கங்களை வகுத்திருக்கிறது. நாட்டின் சொந்தத் தகவல் வளங்களையும் பண்பாட்டு வெளிப்பாட்டையும் வளர்த்துப் பேணுவது அவற்றுள் ஒன்று. அதாவது நான் புதிதாக ஒன்றைக் கேட்கவில்லை. சட்டம் முன்பே சொல்லியிருப்பதை உரிம நிபந்தனையாக எழுதிவைக்கும்படி வேண்டுகிறேன். சிற்றூர்களைச் சென்றடையும் அலைவரிசை ஒவ்வொன்றும் அந்த வட்டாரத்தில் வாழும் ஒருவரையாவது பணியில் வைத்திருக்கவேண்டும்; அவரது தொடர்பு எண் காவல்துறை, தீயணைப்பு மீட்புத் துறை, மாவட்ட அலுவலகம் ஆகிய மூன்றிடமும் இருக்கவேண்டும்; தலைநகரின் ஒலிபரப்பை இடைமறித்து அந்த வட்டாரத்துக்கு மட்டும் பேசும் அதிகாரமும் வசதியும் அவருக்கு இருக்கவேண்டும். ஒலிபரப்பியல் நோக்கில் இது அரிய காரியமன்று. வட்டாரக் கோபுரத்துக்கு வந்துசேரும் ஒலியோடைக்குள் உள்ளூர்க் குரலை இணைப்பது பல நாடுகளில் நாள்தோறும் நடக்கும் பணி. ஆண்டுக்கு இருமுறையேனும் அந்த ஏற்பாட்டை நள்ளிரவில் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். மைனாட்டில் கருவி இருந்தது. தேவைப்பட்ட இரவில் அது பயன்படவில்லை.

கைமாற்றத்தைப் பொறுத்தவரை, உரிமத்தையே விற்பது ஒரு வழி. உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளை விற்றுக் கட்டுப்பாட்டை மாற்றுவது இன்னொரு வழி. இரண்டிலும் நேயருக்கு நேர்வது ஒன்றே. ஆகவே எந்த வழியில் நடந்தாலும், அந்த அலைவரிசையைக் கேட்கும் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே முன்னறிவிப்புத் தரப்படவேண்டும். அமெரிக்காவில் நிலைய விற்பனையை எதிர்த்து மனுச் செய்ய 30 நாள் அவகாசம் தருகிறார்கள். அதே கால அளவு இங்கேயும் போதும். பல நிலையங்களை ஒரே கட்டாக விற்பதற்கு முன், ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கும் வாய்ப்பை அந்தந்த வட்டாரத்தின் கூட்டுறவுக் கழகங்களுக்கும் சங்கங்களுக்கும் முதலில் அளிக்கவேண்டும் என்று கேட்கிறேன். எங்களிடம் அவ்வளவு பணம் இருக்காது என்று சிலர் நினைக்கலாம். கோயில்களையும் தமிழ்ப்பள்ளிகளையும் ஒரு நாள் கூலியிலிருந்து எடுத்துவைத்துக் கட்டியவர்களின் பிள்ளைகள் நாங்கள். வாங்கக் கேட்கும் வாய்ப்பே தரப்படாமல் இருப்பதுதான் எங்களுக்குத் தடையாக நிற்கும்.

சிறு கலையகங்களுக்கான செலவு பற்றியும் ஓர் யோசனை உண்டு. தொலைத்தொடர்புச் சேவை உரிமதாரர்கள், குறிப்பிட்ட முறையில் கணக்கிடப்படும் தங்கள் நிகர வருமானத்திலிருந்து 6 விழுக்காடு செலுத்தும் அனைவருக்குமான சேவை நிதியை ஆணையமே நிர்வகிக்கிறது. அந்த நிதியால் உட்புறங்களில் கைபேசிக் கோபுரங்களும் நாடெங்கும் இணைய மையங்களும் எழுந்திருப்பதை நன்றியுடன் ஏற்கிறேன். அந்த மையங்களில் ஓர் அறையை ஒலிகாப்புச் செய்து, ஒரு ஒலிவாங்கியும் மாற்று மின்சார ஏற்பாடும் அமைத்துக் கொடுத்தால், வட்டாரக் குரலுக்கு ஒரு கூரை கிடைக்கும். அதற்கு விதியில் திருத்தம் தேவைப்படுமானால் அதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இறுதியாக ஒலிநாடாக்கள். நிலையங்கள் இடம் மாறும்போதும் கைமாறும்போதும் சத்தமில்லாமல் அழிவது அவற்றின் சேமிப்பறை. வானொலி நாடகங்கள், தோட்டங்களில் பதிவான கும்மியும் தாலாட்டும், எழுத்தாளர்களின் நேர்காணல்கள், பெயர் மறந்துபோன அறிவிப்பாளர்களின் குரல்கள் ஆகியவை நாடாவிலும் வட்டிலும் இருக்கின்றன. அவற்றுக்குச் சந்தை விலை கிடையாது. ஆகவே விற்பனைப் பட்டியலில் அவை ஒரு வரியாகக்கூட இடம்பெறமாட்டா. நம் ஈரப்பத வானிலையில் நாடா சில ஆண்டுகளிலேயே பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை ஒட்டியதைப் பிரித்தெடுப்பது கடினம். எந்த நிலையமும் கைமாறுமுன் தன் ஒலிச்சேமிப்பின் பட்டியலைத் தயாரித்து, தேவையற்றது என்று தான் கருதுவதைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். என் தாயார் வாசலில் நின்று கேட்ட அந்த வாழ்த்து நிகழ்ச்சி எங்காவது பதிவாகி இருக்கிறதா என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இவற்றை முடிவு செய்யுமுன் செபராங் பிறையில் ஒரு பொது விசாரணை நடத்தும்படி ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறேன். வேலைக்குச் செல்வோரும் வந்து பேச ஏதுவாக ஒரு ஞாயிற்றுக்கிழமையில், தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் மொழிபெயர்ப்பாளர்களுடன் அது அமையவேண்டும். இங்குள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றின் மண்டபத்தைக் கேட்டுப் பெற்றுத் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். நாளைக் குறித்துத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
நிபோங் திபால் வட்டார வானொலி நேயர்,
பினாங்கு.